உங்கள் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி

கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், உணவு ஆலோசகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதல் செக்கப் அன்று உங்களில் ஒருவர் என்னிடம் நிறையக் கேட்டார். கடைசி மாதவிலக்கு எப்போது, இதற்கு முன் கரு கலைந்ததுண்டா, பிரஷர் உண்டா, அப்பாவுக்குச் சுகர் உண்டா, அம்மாவுக்கு உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன். பேனா நிற்காமல் ஓடியது. உயரம் அளந்தார்கள், எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை: நான் பிறந்தபோது எத்தனை கிலோ இருந்தேன்?

அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. 26ஆவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். பாதி குடிப்பதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை ஊசி குத்தினார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 96. 92ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்பது கணக்கு. ரிப்போர்ட்டைப் பார்த்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "ஸ்வீட் நிறைய சாப்பிடுவீங்களோ?"

பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் சாம்பல் பூத்திருந்த தாள். சாப்பிடலாம், சாப்பிடக் கூடாது என்று இரண்டு கட்டங்கள். கடைசி வரி பாதி விழவேயில்லை. 'தவிர்க்கவும்' என்பது மட்டும் தெரிந்தது. எதை என்பது தெரியவில்லை. மூன்று மாதம் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, தெரியாத எதையோ தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். அழுது முடித்த பிறகு, ஏன் என்று தெரியாமலே கேட்டேன்: "நான் பொறந்தப்போ எத்தனை கிலோம்மா இருந்தேன்?"

"ரெண்டே கால். உள்ளங்கையில அடங்கிடுவே. ஆறு மாசம் வரைக்கும் எனக்கு ஒரு வாய் சோறு தங்கலையே. வாந்தி, வாந்தி. அப்புறம் பசி வந்தப்போ வீட்டுல இல்ல."

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. அந்த இரண்டே கால் கிலோவைப் பிடித்துக்கொண்டு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தது உங்களுக்குப் புதிதாக இருக்காது. இருந்தும் உங்கள் அறைக்குள் அது வந்து சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் பிரசவம் பார்த்தவர்களும் வீடு வீடாகப் போன சுகாதாரச் செவிலியர்களும் குழந்தைகளின் பிறந்த எடை, ஒரு வயது எடை இரண்டையும் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். அந்தப் பேரேடுகளை வைத்துக்கொண்டு டேவிட் பார்க்கர், நிக்கோலஸ் ஹேல்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர்களின் குழுவினர் அங்கே பிறந்து வளர்ந்த 370 ஆண்களைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களுக்கு அப்போது சராசரி வயது 64. சர்க்கரை பார்த்து 1991இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டரைக் கிலோவுக்கு மேற்படாமல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு நீரிழிவு, அல்லது அதற்கு முந்தைய நிலை. நான்கேகால் கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களில் அது 14. அந்த இரண்டு ஓரங்களிலும் ஆட்கள் குறைவு. ஆனால் இடையில் இருந்தவர்களிடமும் எடை ஏற ஏற நோய் குறைந்துகொண்டே வந்தது. அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு செவிலியர் தராசில் பார்த்து எழுதிய எண், தாத்தாவாகிவிட்ட ஒருவரின் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் இன்று அது யாருக்கும் தெரிந்திருக்காது.

காரணம் என்ன என்று 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் ஒரு கருதுகோளை வைத்தார்கள். கருவில் இருக்கும்போது உணவு வரத்து குறைந்தால் உடல் சிக்கனம் பிடிக்கிறது. இருப்பதை மூளைக்குக் கொடுத்துவிட்டு கணையம், தசை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பங்கைக் குறைக்கிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குப் பெருமளவு அடித்தளம் போடப்படுவது கருவில்தான். எலிகளில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். கர்ப்பிணி எலியின் தீவனத்தில் புரதத்தை 20 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தால், குட்டிகளின் கணையத்தில் பீட்டா செல்கள் குறைந்துபோகின்றன. அவற்றுக்குப் போகும் ரத்த நாளங்களும் குறைகின்றன. பற்றாக்குறை உலகத்துக்கென்று தயாரான உடல், வெளியே வந்து பற்றாக்குறையிலேயே வாழ்ந்தால் சமாளித்துக்கொள்ளும். தாராளமாகக் கிடைக்கும் உலகத்தில் வந்து விழுந்தால்தான் திணறுகிறது.

மனிதர்களில் இப்படிச் சோதனை செய்ய முடியாது. போரும் அரசுகளும் செய்திருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மானியப் படைகள் தடுத்தபோது ஒருவருக்கான பங்கீடு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரை இறங்கியது. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள். கர்ப்பத்தின் நடுவிலும் கடைசியிலும் பஞ்சம் பட்டவர்களுக்கு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. உக்ரைனில் 1932-33 பஞ்சத்தின்போது பிறந்தவர்களையும் அதற்கு முன்பின் பிறந்தவர்களையும் சேர்த்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்களை அலசி 2024இல் வெளியிட்டார்கள். பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருந்து, 1934இன் முதல் பாதியில் பிறந்தவர்களுக்கு, பஞ்சம் கடுமையாகத் தாக்கிய பகுதிகளில் இரண்டாம் வகை நீரிழிவு இரண்டு மடங்குக்கு மேல். எந்த மாதம் முக்கியம் என்பதில் இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "முதல் மூணு மாசம் எப்படியோ போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்வதற்கும், "இனி என்ன, முடிஞ்சு போச்சு" என்று சொல்வதற்கும் இங்கே இடமில்லை.

அதே உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்டபோது கருவில் இருந்தவர்களிடம் இப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே முற்றுகைக்கு முன்னும் வறுமை, பின்னும் வறுமை. பிறந்த பிறகு திடீரென்று கொழுக்க வழியில்லாமல் போனதால் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. என் கதையும் அதன் மறுபக்கம்தான். இரண்டே கால் கிலோவில் பிறந்தவளை, "எலும்பும் தோலுமா இருக்காளே" என்று பார்த்தவரெல்லாம் பரிதாபப்பட்டு, ஊட்டி ஊட்டியே வளர்த்தார்கள்.

இதுவரை சொன்னது குறைவின் கதை. மிகுதியின் கதை இன்னும் நேரடியானது. தாயின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து போகும். தாயின் இன்சுலின் போகாது. சர்க்கரை மட்டும் வந்து சேர்ந்தால் குழந்தை என்ன செய்யும்? தன் கணையத்தை முடுக்கித் தானே இன்சுலினைச் சுரக்கும், கொழுப்பைச் சேர்க்கும். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே சொன்ன விஷயம் இது. அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடம் நடந்த ஆய்வில், கர்ப்பத்தின்போதே நீரிழிவு இருந்த தாய்களின் பிள்ளைகளில் 20 முதல் 24 வயதுக்குள் 45 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பிரசவத்துக்குப் பிறகு நீரிழிவு வந்த தாய்களின் பிள்ளைகளில் அது 8.6. நீரிழிவே வராத தாய்களின் பிள்ளைகளில் 1.4.

"பரம்பரைதானே, ஜீன்தானே" என்று நீங்கள் சொல்லலாம். அதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்தவரையும் வந்தபின் பிறந்தவரையும் ஒப்பிட்டார்கள். பின்னால் பிறந்தவருக்கே ஆபத்து அதிகம். தாய் ஒருத்தி, பரம்பரை ஒன்று, கருவறைக்குள் இருந்த சர்க்கரை அளவு மட்டும் வேறு. ஜீனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. இன்சுலின் குறைவாக வேலை செய்யும் ஜீன் ஒன்றே குழந்தையைச் சிறிதாகவும் பிறக்கவைத்து, பிற்பாடு நீரிழிவையும் கொடுக்கலாம் என்று ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி என்ற மருத்துவ ஆய்வாளர் 1999இல் சுட்டிக்காட்டினார். அதற்கும் சான்றுகள் உண்டு.

குறைவு, மிகுதி என்று நீங்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்திருப்பீர்கள். என்னைப் போன்றவர்களின் உடம்பில் அவை ஒன்றாகவே குடியிருக்கின்றன. குறைவில் உருவான பெண், மிகுதியில் வளர்ந்து, கர்ப்பமாகும்போது அவளது கணையத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கர்ப்பம் இயல்பாகவே இன்சுலினை எதிர்க்கும் காலம். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் அப்படிச் செய்கின்றன. அரைகுறையாக அமைந்த கணையம் முதலில் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. சர்க்கரை ஏறுகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்த மிகுதி போய்ச் சேர்கிறது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அளந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோதான் இருந்தன. இங்கிலாந்துக் குழந்தைகள் மூன்றரைக் கிலோ. ஆனால் எடையில் இவ்வளவு பின்தங்கிய அந்தக் குழந்தைகளின் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடம்புக்குள் பருத்த குழந்தை. தராசு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆக, "ஸ்வீட் நிறைய சாப்பிடுவீங்களோ" என்ற கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: ஐயா, இதில் பாதி என் அம்மாவுக்கு ஆறு மாதம் சோறு தங்காதபோதே தொடங்கிவிட்டது. அவரும் வேண்டுமென்று பட்டினி கிடக்கவில்லை.

உணவு முக்கியமே இல்லை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். முக்கியம் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. முடிந்த கையோடு மக்கள் சாப்பிட்ட சர்க்கரை ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் கருவான சுமார் 60,000 பேரை ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் பங்கீட்டுக்குள் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு. வந்தவர்களுக்கும் நான்கு வருடம் தாமதமாக வந்தது. அந்தப் பலனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, பிறக்குமுன்பே கிடைத்தது. இங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. தாய்மார்கள் யாரும் சபதம் எடுக்கவுமில்லை. கடையில் கிடைத்ததே அவ்வளவுதான். ஒவ்வொரு பெண்ணின் மன உறுதியையும் சோதித்துக்கொண்டிருக்காமல், சுற்றியிருக்கும் உணவையே மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. உங்கள் சங்கங்கள் அரசுகளிடம் பேசும்போது இதைக் கையில் எடுத்துப் போங்கள்.

இனி, நீங்கள் சொல்லும் சொற்களைப் பற்றி. "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்" என்று வீட்டில் சொன்னால் மன்னித்துவிடலாம். ஆலோசனை அறையிலும் அதையே கேட்டேன். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி ஏறக்குறைய தேவையே இல்லை; அடுத்த மூன்று மாதங்களில் நாளுக்கு 340, கடைசி மூன்று மாதங்களில் 450 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது இன்னொரு ஆளின் சாப்பாடு அல்ல, நல்லதாக ஒரு சிற்றுண்டி. கூடுதலாகத் தேவைப்படுவது இரும்பும் அயோடினும் ஃபோலேட்டும் பி12உம் புரதமும். அதே மூச்சில் புரதப் பவுடர் டப்பாவை நீட்டாதீர்கள். போதிய உணவில்லாத பெண்களுக்கு, புரதமும் மாவும் கொழுப்பும் அளவாகக் கலந்த துணை உணவைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. புரதத்தை மட்டும் மிகையாகக் கொடுப்பதை அது பரிந்துரைக்கவில்லை. அப்படிக் கொடுத்த சோதனைகளில் குழந்தைகள் சிறிதாகப் பிறக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. சத்து மாத்திரைகளிலும் இதே கவனம் வேண்டும். புனே ஆய்வில், பி12 குறைவாகவும் ஃபோலேட் மிகுதியாகவும் இருந்த தாய்களின் பிள்ளைகளிடம்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம் காணப்பட்டது. ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை நிறுத்து என்று இதற்கு அர்த்தமில்லை. குழந்தையின் தண்டுவடத்துக்கு அது கட்டாயம் வேண்டும். பி12ஐயும் பாருங்கள் என்றுதான் அர்த்தம். என் ரத்தத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை எடுத்தார்கள். பி12 ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எனக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் பிரசவம் சிக்கல் குறைந்து நடக்கிறது, குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதில்லை. இதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படிப் பிறந்த குழந்தைகளை நான்கைந்து வயதில் பார்த்தபோது, சிகிச்சை பெற்ற தாய்களின் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உடல் பருமனில் வித்தியாசம் தெரியவில்லை. 26ஆவது வாரத்தில் கண்டுபிடித்து, பத்துப் பன்னிரண்டு வாரம் கட்டுப்படுத்தி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்பது பேராசையோ என்று தோன்றுகிறது. மும்பையில் ஒரு பரிசோதனை நடந்தது. கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியைப் பெண்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் கொடுத்தார்கள். குழந்தையின் எடை பெரிதாக ஏறவில்லை. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை, ஒப்பிடுவதற்காக வேறு சிற்றுண்டி கொடுக்கப்பட்டவர்களில் 12.4 சதவீதம் என்றால், இவர்களில் 7.3 சதவீதம்தான். தராசில் தெரியாத பலன். சீக்கிரம் தொடங்கியதால் வந்த பலன் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

அதனால்தான் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். திருமணமாகி வந்து "குழந்தை எப்போ" என்று கேட்கும் பெண்ணிடம், மாதவிடாய்க் கோளாறுக்காக வரும் இருபது வயதுப் பெண்ணிடம், முதல் செக்கப்புக்கு வருபவளிடம்: நீங்க பொறந்தப்போ எத்தனை கிலோ? உங்க அம்மாவுக்கு உங்களைச் சுமக்கும்போது சுகர் இருந்துச்சா? இரண்டரைக்குக் கீழே என்றால், அல்லது அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது என்றால், 26ஆவது வாரம் வரை காத்திருக்காமல் முதல் வருகையிலேயே சர்க்கரையைப் பாருங்கள். நிறையப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாதவர்கள் அம்மாவிடம் போய்க் கேட்பார்கள், என்னைப் போல. அந்தப் பேச்சே பாதி வைத்தியம்.

டயட் சார்ட்டைக் கொடுக்குமுன் இரண்டு நிமிடம், நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள். வீட்டில் சமைப்பது யார், கடைசியில் சாப்பிடுவது யார் என்றும் கேளுங்கள். உடன் வந்திருக்கும் கணவரிடமும் மாமியாரிடமும் அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். தட்டில் என்ன விழுகிறது என்பது பல வீடுகளில் சாப்பிடுபவளின் முடிவாக இருப்பதில்லை. ஆனால் ரிப்போர்ட் வந்ததும் பதில் சொல்ல வேண்டியவள் அவள் மட்டும்தான்.

பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் எங்களை மறந்துவிடுகிறீர்கள். தையல் ஆறியதா, பால் சுரக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்பதும், 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும், அதன் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் டிஸ்சார்ஜ் தாளில் இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே தாய்க்கும் அந்தப் பரிசோதனையை வைத்துவிட்டால் யாரும் தவறவிட மாட்டார்கள். அடுத்த கர்ப்பத்துக்குமுன் கிடைக்கும் அந்த இடைவெளிதான் அடுத்த குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

இன்னொன்று. பெண் குழந்தை கருவில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. என்னைச் சுமந்தபோது என் அம்மா என் மகளின் பாதியையும் சேர்த்தே சுமந்திருக்கிறார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நான் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கணுமோ?" என்றார். பயந்துபோனேன். முப்பது வருடம் கழித்து அவரையும் கூண்டில் ஏற்றிவிட்டேனோ என்று. இதைச் சொல்லும் விதத்தில் நீங்களும் எச்சரிக்கையாக இருங்கள்.

என் மகள் 3 கிலோ 400 கிராம். அவளுடைய தடுப்பூசி அட்டையில் பிறந்த எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பித் தந்தார்கள். மற்றதற்குக் கட்டம் இல்லை. அதனால் ஓரத்தில், பேனாவால், நானே எழுதியிருக்கிறேன்: 'அம்மாவுக்கு 26ஆவது வாரம், வெறும் வயிற்றில் 96. அம்மா பிறந்தபோது 2.25 கிலோ.' அவள் ஒருநாள் உங்களிடம் வரும்போது அந்த அட்டையைக் கொண்டுவருவாள்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்ற தாய்களில் ஒருத்தி